கடலைப் பார்த்து ஒரு ஜன்னல்

இங்கிலாந்தில் தனி வீட்டுக்குப் பின்னால் சமையலறையை நான்கு மீட்டர் நீட்டிக் கட்டினால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்றால் கேட்க வேண்டும். கேட்காமல் கட்டினால் கவுன்சிலிலிருந்து கடிதம் வரும். அதற்கும் மசியாவிட்டால் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். நோட்டீஸையும் மதிக்காவிட்டால் கோர்ட்.

அதே வீடு, சமையலறை படுக்கையறை எல்லாவற்றோடும் மொத்தமாகக் கடலுக்குள் சரிந்து விழுந்தால்? நஷ்ட ஈடு கேட்கச் சட்டத்தில் இடமில்லை. இன்சூரன்ஸ்காரர் கடல் அரிப்புக்குப் பணம் தர மாட்டார். இடிபாடுகளை அப்புறப்படுத்தும் செலவும் வீட்டுக்காரர் தலையில்தான். அந்தச் செலவுக்கு உதவியாக அரசு 2010இல் ஒரு மானியம் கொண்டுவந்தது, 6,000 பவுண்டு வரை. வீட்டுக்கு அல்ல, வீட்டை இடிப்பதற்கு!

இந்த இரண்டு விஷயங்களையும் ஒரே அலுவலகம் கவனிக்கிறது என்பதுதான் வேடிக்கை. நார்த் நார்ஃபோக் மாவட்டக் கவுன்சில். இருப்பது கிரோமர் என்ற ஊரில். நண்டுக்குப் பேர் போன ஊர்.

இங்கிலாந்து வரைபடத்தில் கிழக்குப் பக்கம் கொஞ்சம் தொப்பை போட்டுக்கொண்டு நிற்கிறதல்லவா, அந்தத் தொப்பையின் மேல் பாதிதான் நார்ஃபோக். அதன் வடக்கு ஓரத்தில் ஹோல்கம் முதல் ஹார்சி வரை இந்த மாவட்டத்தின் கடற்கரை. மேற்கே உப்புச் சதுப்புகளும் நாணலும் பறவைகளும். நடுவே ஷெரிங்கம், கிரோமர். கிழக்கே போகப் போக மண்குன்றுகள். கருங்கல் மலை இல்லை; பனியுகம் விட்டுப்போன மணலும் களிமண்ணும் கலந்த குவியல். மழை மேலிருந்து ஊறும், அலை கீழிருந்து அறுக்கும். நடுவில் இருப்பது சரியும்.

ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான். பணி ஓய்வு பெற்றவர்கள். பெரிய நகரத்து வீட்டை விற்றுவிட்டு இந்தக் கடற்கரைக்கு வருகிறார்கள். வீடு சுமாரான பழைய வீடு. ஆசைகள் அதிகமில்லை. பின்பக்கம் சமையலறையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். பரண் இருக்கும் இடத்தை ஓர் அறையாக்கி, கடலைப் பார்த்து ஒரு ஜன்னல் வைக்க வேண்டும். முடிந்தால் ஒரு பால்கனி. தோட்டத்தில் சாமான் போட ஒரு மரக் கொட்டகை. அவ்வளவே.

இந்த வீட்டை மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் விதிகள் நன்றாகப் புரியும்.

அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். (தூங்கிவிட வேண்டாம், சின்னதுதான்.) 1947இல் அட்லி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம். 1948 ஜூலை 1 முதல் நடைமுறை. அதற்கு முன்பு, நிலம் யாருடையதோ அவர் இஷ்டப்படி அதில் பெரும்பாலும் எதையும் கட்டலாம். இந்தச் சட்டம் வந்த பிறகு நிலம் உன்னுடையது, ஆனால் அதில் கட்டும் உரிமை உன்னுடையது அல்ல என்று ஆனது. கட்டும் உரிமை பொதுவுக்குப் போய்விட்டது. வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள். அப்படி ஓர் உரிமையைப் பறித்ததற்காக நில உரிமையாளர்களுக்குக் கொடுக்க 30 கோடி பவுண்டு நிதி என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். அந்த நிதி பிறகு பட்ட பாடு வேறு கதை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காகிதத்தில் இருந்த ஓர் உரிமை போனதற்கே ஈடு தர வேண்டும் என்று அன்றைய அரசுக்குத் தோன்றியிருக்கிறது. பின்னால் இது தேவைப்படும்.

எல்லாவற்றுக்கும் அனுமதி கேள் என்றால் நாடு முழுவதும் வரிசையில்தான் நிற்க வேண்டும். அதனால் சின்னச் சின்ன வேலைகளுக்குப் பாராளுமன்றமே மொத்தமாக முன்கூட்டி அனுமதி கொடுத்துவிட்டது. 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்' என்பார்கள். கேட்காமலே கிடைத்த வரம் மாதிரி. ஆனால் எல்லா வரங்களையும் போல இதற்கும் நிபந்தனை உண்டு. இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டு ஆணை. அதற்குப் பிறகும் பல தடவை திருத்தியிருக்கிறார்கள்.

நம் தம்பதியின் வீடு முதலில் கிரோமரில் ஒரு சாதாரணத் தெருவில் இருக்கட்டும். பாதுகாப்புப் பகுதி கிடையாது. பழம்பெருமை கிடையாது. சமையலறையைப் பின்பக்கம் நான்கு மீட்டர் நீட்டலாம். பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடாக இருந்தால் மூன்று மீட்டர். உயரம் நான்கு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. வேலியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வந்தால் கூரை இறங்கும் இடம் மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும். வெளிச்சுவர் பார்வைக்குப் பழைய வீட்டோடு ஒத்துப்போக வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள மனையில் பாதிக்கு மேல் கட்டடம் வரக் கூடாது.

இதிலெல்லாம் 'அசல் வீடு' என்று ஒன்று அடிக்கடி வரும். நீங்கள் வாங்கியபோது இருந்த வீடு இல்லை அது. 1948 ஜூலை 1 அன்று எப்படி நின்றதோ அந்த வீடு. அதற்குப் பிறகு கட்டியது என்றால் முதன்முதலில் கட்டியபோது இருந்த வீடு. உங்களுக்கு முன் இருந்தவர் 1975இல் பின்பக்கம் மூன்று மீட்டர் நீட்டியிருந்தால், நான்கில் மூன்று அப்போதே போயிற்று. மீதி ஒரு மீட்டர்தான் உங்களுக்கு. யாரோ சாப்பிட்ட சாப்பாட்டுக்கு நீங்கள் கணக்குக் கொடுப்பது மாதிரி. வீடு வாங்கும் பலர் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

பரண் அறைக்கு அளவு நீளத்தில் இல்லை, கொள்ளளவில். தொடர் வீடு என்றால் 40 கன மீட்டர், மற்ற வீடுகளுக்கு 50. கூரையிலிருந்து பெட்டி மாதிரித் துருத்திக்கொண்டு வரும் டார்மர் ஜன்னலும் இதற்குள் அடங்க வேண்டும். சாலையைப் பார்த்த முன்பக்கக் கூரையில் அப்படித் துருத்தக் கூடாது. பக்கவாட்டில் ஜன்னல் வைத்தால் உள்ளே தெரியாத மங்கல் கண்ணாடி போட வேண்டும், தரையிலிருந்து 1.7 மீட்டர் வரை திறக்கவும் கூடாது. அடுத்த வீட்டுக்காரர் தோட்டத்தில் காலை நீட்டிப் படுத்திருப்பதை நீங்கள் எட்டிப் பார்க்கக் கூடாதல்லவா.

பால்கனி? அது வரத்தில் சேர்த்தி இல்லை. எங்கே என்றாலும், எவ்வளவு சின்னது என்றாலும், விண்ணப்பம் போட்டுத்தான் ஆக வேண்டும். கடலோர ஊருக்கு வருகிறவர் எல்லோரும் முதலில் கேட்பது எதுவோ, அதைச் சரியாகப் பார்த்து வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. வாசல் போர்ச் மூன்று சதுர மீட்டர் வரை பரவாயில்லை. வேலி இரண்டு மீட்டர்; சாலை ஓரமென்றால் ஒரு மீட்டர். சோலார் பலகை கூரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது, ஏறக்குறைய ஒரு சாண். வீட்டு முன்னால் கார் நிறுத்தத் தளம் போடுவதில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு. 2007இல் இங்கிலாந்தில் பெரிய வெள்ளம் வந்தது. தோட்டங்களையெல்லாம் சிமென்ட் போட்டு மூடிவிட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று அப்போதுதான் உறைத்தது. 2008 அக்டோபரிலிருந்து, முன்தோட்டத்தில் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, அந்தத் தண்ணீரைத் தெருவுக்கு விட்டால் அனுமதி வாங்க வேண்டும். சல்லி பரப்பினால் வேண்டாம். உருப்படியான விதி.

சரி, இப்போது வீட்டைத் தூக்கி மேற்கே கிளேயில் வைப்போம். முழுப் பெயர் 'கிளே நெக்ஸ்ட் தி சீ', கடலுக்கு அடுத்த கிளே. (கடல் சதுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போய் ரொம்பக் காலம் ஆகிறது. பெயர் மட்டும் நகரவில்லை.) காற்றாலை, சின்னச் சந்துகள், சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர்கள், சிவப்பு ஓடு. அழகான ஊர். அழகுக்கு விலை உண்டு. இது பாதுகாக்கப்பட்ட இயற்கை அழகுப் பகுதிக்குள் வருகிறது. நார்ஃபோக் கடற்கரைக்கு அந்தத் தகுதி கிடைத்தது 1968இல். 2023 நவம்பரில் இத்தகைய பகுதிகளுக்கெல்லாம் 'தேசிய நிலக்காட்சி' என்று பெயர் மாற்றினார்கள். போதாக்குறைக்குக் கிராமத்தின் பழைய பகுதி கட்டடப் பாதுகாப்புப் பகுதியாகவும் இருக்கிறது.

இங்கே வரம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. பின்பக்கம் ஒற்றை மாடிச் சமையலறைக்கு மட்டும் தடையில்லை. பக்கவாட்டில் நீட்ட முடியாது. கூரையைத் துருத்தி டார்மர் வைக்க முடியாது. சுவருக்கு வெளியே பலகை அடிப்பது, சாந்து பூசுவது, செயற்கைக் கல் ஒட்டுவது எதுவும் கேட்காமல் முடியாது. தோட்டத்து மரம் ஒன்றை வெட்ட வேண்டுமென்றால், அடிமரம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், கவுன்சிலுக்கு ஆறு வாரம் முன்பே சொல்ல வேண்டும். நட்டவரே வெட்டினாலும் சரி. வீடு பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் கதை முற்றிலும் வேறு. உள்ளே ஒரு பழைய கதவைக் கழற்றி எறிவதுகூடக் குற்றமாகலாம். அனுமதியில்லாமல் கட்டுவது போன்ற மற்ற மீறல்களுக்குப் பெரும்பாலும் முதலில் நோட்டீஸ்தான் வரும். பட்டியலிட்ட வீட்டில் அனுமதியில்லாமல் கை வைப்பது நேரடியாகவே குற்றம்.

இதையெல்லாம் கேட்டால் எரிச்சல் வரும். வர வேண்டியதுதான். ஆனால் கிளேயில் ஒரு நாள் நடந்துவிட்டு வருபவர் இந்த விதிகளைத் திட்ட யோசிப்பார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவருக்குப் பிடித்த பிளாஸ்டிக் ஜன்னலையும் பூச்சையும் போட்டிருந்தால் இந்த ஊரைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். அந்த அழகில் ஒவ்வொருவருக்கும் பங்கு இருக்கிறது, அதற்கான சந்தாவும் இருக்கிறது. சந்தா கட்டுவது யார் என்பதுதான் கேள்வி. அங்கேயே பிறந்து வளர்ந்து, மூன்று பிள்ளைகளுக்கு ஓர் அறை போதாமல் தவிப்பவரும், வருஷத்தில் ஆறு வாரம் வந்து தங்கிவிட்டுப் போகிற விடுமுறை வீட்டுக்காரரும் ஒரே சந்தாதான் கட்டுகிறார்கள். இது நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் சுவருக்கு அதெல்லாம் தெரியாதே.

விண்ணப்பம் போடுவது பற்றி ஒரு பத்தி. அளவோடு வரைந்த படங்கள், மனையைச் சிவப்புக் கோட்டால் காட்டிய வரைபடம், கட்டணம். வீட்டு விரிவாக்கத்துக்குக் கட்டணம் 258 பவுண்டாக இருந்தது. 2025 ஏப்ரலில் ஒரேயடியாக 528 ஆயிற்று. அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்க 21 நாள். கிராமப் பாரிஷ் கவுன்சிலும் தன் பங்குக்கு ஏதாவது சொல்லும். எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது கணக்கு. பெரும்பாலும் அதிகாரியே முடிவு செய்துவிடுவார், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கூடிப் பேசுவது சிலவற்றுக்குத்தான். மறுத்துவிட்டால் 12 வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அது பிரிஸ்டலில் இருக்கும் தனி அமைப்புக்குப் போகும்.

அக்கம்பக்கத்தார் எழுதும் ஆட்சேபனைகளை யாரும் படிக்கலாம். படித்தால் பொழுது போகும். கடலோரத்தில் அடிக்கடி வரும் ஆட்சேபனை ஒன்றுதான்: "இவர் மாடி எடுத்தால் எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது." அதிகாரி இதைப் படித்துவிட்டுத் தள்ளி வைத்துவிடுவார். வெளிச்சம் மறைகிறதா, அந்தரங்கம் கெடுகிறதா, தெருவின் தோற்றம் பாழாகிறதா என்றெல்லாம் பார்ப்பார். தனி ஒருவர் வீட்டிலிருந்து தெரியும் கடலுக்கும், அதனால் வீட்டு விலை இறங்கும் என்பதற்கும் திட்ட விதிகளில் இடமில்லை.

இந்தக் கருத்து நேற்று வந்ததல்ல. 1610இல் இதே நார்ஃபோக்கில் ஹார்ல்ஸ்டன் என்ற ஊரில் ஆல்ட்ரெட் என்பவர் ஒரு வழக்குப் போட்டார். பக்கத்து மனைக்காரர் அவர் வீட்டை ஒட்டிப் பன்றிக் கொட்டில் கட்டிவிட்டார், நாற்றம் தாங்கவில்லை. நாற்றத்துக்கு வழக்குப் போடலாம், வெளிச்சத்தை மறைத்தாலும் போடலாம், ஆனால் காட்சி என்பது வெறும் சந்தோஷத்துக்கான விஷயம், அது மறைந்தது என்று கோர்ட்டுக்கு வர முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். நானூறு வருஷத்துக்கு மேலாயிற்று. இன்றுவரை அதுதான் நிலைமை. நம் தம்பதி ஆசை ஆசையாக வைக்கும் கடல் ஜன்னலுக்கு முன்னால் நாளை ஒருவர் மாடி எடுத்தால், ஜன்னல் இவர்களுடையது, கடல் இல்லை.

இனி கிழக்கே போவோம். ஹேஸ்பரோ. எழுதுவது 'ஹாப்பிஸ்பர்க்' என்று வாசிக்கிற மாதிரி, சொல்வது ஹேஸ்பரோ. வெளியூர்க்காரரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம், 1790இல் கட்டியது. ஒரு பழைய தேவாலயம். 2013 மே மாதம் இங்கே கடற்கரை மண்ணை அலை அரித்துவிட்டுப் போனபோது மனிதக் காலடித் தடங்கள் வெளியே வந்தன. எட்டு லட்சம் ஆண்டுக்கும் பழையவை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அவ்வளவு பழைய தடங்கள் அதுவரை கிடைத்ததில்லை. ஆராய்ச்சியாளர்கள் அவசர அவசரமாகப் படம் எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் அலை அவற்றையும் கொண்டுபோய்விட்டது.

இந்தக் கரை கிராமங்களை விழுங்குவது புதிதல்ல. கிரோமருக்கு எதிரே ஷிப்டன் என்று ஓர் ஊர் இருந்தது, பதினான்காம் நூற்றாண்டில் கடலுக்குப் போயிற்று. 1888இல் ஓர் உல்லாசப் படகு அந்த ஊர்த் தேவாலயத்தின் மிச்சத்தில் மோதி மாட்டிக்கொண்டது. ஹேஸ்பரோவுக்குத் தெற்கே எக்கிள்ஸ் கிராமம். அதன் தேவாலயக் கோபுரம் மட்டும் கடற்கரையில் தனியாக நின்றுகொண்டிருந்தது, 1895இல் அதுவும் விழுந்தது.

ஹேஸ்பரோவில் 1950களின் கடைசியில் மரத்தால் தடுப்பு கட்டினார்கள். 1990களில் அது உடைந்து போக ஆரம்பித்தது. உடைந்ததைத் திரும்பக் கட்டவில்லை. ஏன்? இங்கேதான் இன்னொரு சட்டம் வருகிறது. 1949ஆம் ஆண்டுக் கடற்கரைப் பாதுகாப்புச் சட்டம். முன்னதற்கு இரண்டே வருஷம் இளையது. கடல் அரிப்பைத் தடுக்கக் கவுன்சிலுக்கு இந்தச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. கடமை கொடுக்கவில்லை. தடுக்க'லாம்'. தடுக்க 'வேண்டும்' என்று இல்லை. பணம் இருந்தால், கணக்குப் போட்டுப் பார்த்து லாபம் வந்தால் தடுக்கலாம். சில நூறு வீடுகள் இருக்கும் கிராமத்துக்கு அந்தக் கணக்கு எப்போதும் உதைக்கும். கொஞ்சம் வடக்கே பேக்டனில் பெரிய எரிவாயு முனையம் இருக்கிறது. அங்கே கணக்கு உதைக்கவில்லை. 2019இல் பேக்டனுக்கும் வால்காட்டுக்கும் முன்னால் 18 லட்சம் கன மீட்டர் மணலைக் கொட்டிக் கடற்கரையையே உயர்த்தினார்கள். பக்கத்தில் இருந்ததால் அந்த இரண்டு கிராமத்து வீடுகளும் பிழைத்தன. எரிவாயுவுக்குப் பக்கத்தில் பிறக்கவும் கொடுப்பினை வேண்டும்.

ஹேஸ்பரோவில் நம் தம்பதியின் வீடு விளிம்பிலிருந்து ஐம்பது மீட்டரில் என்று வைப்போம். இப்போது சமையலறை? மறுபடியும் அதே நான்கு மீட்டர்தான்! பாராளுமன்றம் தந்த பொது அனுமதியில் வேலி எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள், சாலை எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். குன்றின் விளிம்பு எவ்வளவு தூரம் என்று கேட்கும் நிபந்தனை அதில் இல்லை. கவுன்சில் தனியாக ஓர் ஆணை போட்டு அந்த உரிமையை எடுத்தால்தான் உண்டு. அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் பெரிய வேலை என்றால் மட்டும் கடல் கணக்கில் வரும். 2008இல் கவுன்சில் வகுத்த திட்டத்தில், அரிப்பு அபாயக் கோட்டுக்குள் புதிதாகக் கட்டுவதையும், இருப்பதைப் பெருக்குவதையும் ஏறக்குறைய மூடிவிட்டார்கள். தேசியக் கொள்கையும் அப்படித்தான். வேண்டுமானால் குறிப்பிட்ட வருஷத்துக்கு மட்டும் தற்காலிக அனுமதி. முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கேரவன், தேநீர்க் கடை, கார் நிறுத்துமிடம், இவைதான் விளிம்போரத்துக்குச் சரி.

இது புத்திசாலித்தனமான விதி, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே ஏற்கெனவே இருக்கிறவரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கோடு போட்டவுடன் வீட்டு விலை விழுந்துவிடுகிறது. வங்கி கடன் தராது. விற்க முடியாது, பெரிதாக்க முடியாது, காப்பாற்ற வழியில்லை. பாறாங்கல்லைக் கொண்டுவந்து தானே தடுப்புப் போடலாம் என்றால், அதற்கும் அனுமதி வேண்டும். ஜன்னலின் சட்டம் மரமா பிளாஸ்டிக்கா என்று கேட்கும் அதே ஏற்பாடு, வீடே போகும்போது "இயற்கை" என்று சொல்லிக் கையை விரிக்கிறது. இந்த இடத்தில் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

கவுன்சிலுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். அதே 2008 திட்டத்தில் ஒரு வித்தியாசமான பிரிவு இருந்தது. 20 வருஷத்துக்குள் கடலுக்குப் போகக்கூடிய வீட்டின் சொந்தக்காரர், அதே அளவில் ஒரு வீட்டை உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்கலாம். சாதாரணமாக வீடே கட்ட விடாத வயல்வெளியாக இருந்தாலும் சரி. நிபந்தனை, பழைய வீட்டை இடித்து இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்துவிட வேண்டும். ரோல்பேக், அதாவது பின்வாங்கல் என்று பெயர்.

இதன் சூட்சுமத்தைப் பாருங்கள். வெறும் வயலாக இருக்கும் நிலம், வீடு கட்டலாம் என்று ஒரு காகிதம் வந்தவுடன் பல பத்து மடங்கு விலைக்குப் போகும். அந்தக் காகிதத்துக்கு விலை எங்கிருந்து வந்தது? 1947இல் எல்லோரிடமிருந்தும் கட்டும் உரிமையை எடுத்து ஒரே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்களே, அதிலிருந்து. சாவி கவுன்சில் கையில். கஜானாவில் பணம் இல்லாத கவுன்சிலிடம் அனுமதி என்ற அந்தச் சரக்கு மட்டும் இருந்தது. பணத்துக்குப் பதில் அதைக் கொடுப்போம் என்று யோசித்திருக்கிறார்கள்.

2009இல் மத்திய அரசு கடலோரக் கவுன்சில்களுக்குப் பரிசோதனையாகப் பணம் ஒதுக்கியது. 'பாத்ஃபைண்டர்' என்ற திட்டம். நார்த் நார்ஃபோக்குக்குக் கிடைத்தது சுமார் 30 லட்சம் பவுண்டு. ஹேஸ்பரோவில் பீச் ரோடு என்று ஒரு தெரு, பெயருக்கேற்றபடி கடற்கரைக்குப் போகும் தெரு, கடைசியில் கடற்கரையே தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. அதில் 9 வீடுகளைக் கவுன்சில் விலைக்கு வாங்கியது. அபாயம் இல்லாவிட்டால் என்ன விலை போகுமோ அதில் ஒரு பகுதி. அந்தப் பகுதியைக் கணக்குப் போட இந்தப் பின்வாங்கல் அனுமதியின் மதிப்பைத்தான் அடிப்படையாக வைத்தார்கள். வீடுகளை இடித்தார்கள். கார் நிறுத்துமிடத்தை உள்ளே தள்ளினார்கள். ஈடாக உள்ளே வேறு மனையில் வீடுகளுக்கு அனுமதி பெற்று விற்று, போட்ட பணத்தில் கொஞ்சமாவது திரும்ப எடுப்பது என்பது ஏற்பாடு.

எல்லோருக்கும் சம்மதமா என்றால் இல்லை. பாதி விலைக்குக் கூடத் தேறாத பணத்தில் வேறெங்கே வீடு வாங்குவது? சிலருக்கு அந்த வீட்டை விட்டுப் போகவே மனமில்லை. 2013 டிசம்பர் 5 இரவு வடகடலில் பெரிய அலை எழுச்சி வந்தபோது பீச் ரோட்டில் மிச்சமிருந்த ஒரு வீடும் விளிம்பைத் தாண்டிப் போயிற்று.

பாத்ஃபைண்டர் ஒரு தடவைப் பணம். அது தீர்ந்ததும் நின்றது. பின்வாங்கல் அனுமதி என்ற யோசனை மட்டும் நின்றுவிடவில்லை. ஆனால் அதைத் தனி ஆளாகப் பயன்படுத்திக்கொள்வது லேசில்லை. வீட்டை இழக்கப் போகிறவருக்கு உள்ளே நிலம் இருக்க வேண்டும் அல்லது யாராவது விற்க வேண்டும். படம் வரைய, விண்ணப்பிக்க, புதிதாகக் கட்ட, பழையதை இடிக்கக் கைக்காசு வேண்டும். புது இடத்துக்காரர்களின் ஆட்சேபனையைத் தாங்க வேண்டும். (ஆமாம், அவர்களும் எழுதுவார்கள்: "எங்கள் வீட்டிலிருந்து வயல் தெரியாது.") எழுபது வயதில் இதையெல்லாம் செய்வது யார்? விடுதி, கேரவன் பூங்கா நடத்துகிறவர்களுக்கு இது ஒத்துவருகிறது. ஒற்றை பங்களா வைத்திருக்கும் பென்ஷன்காரருக்கு அது சட்டைப்பையில் கிடக்கும் வெளிநாட்டு நோட்டு மாதிரி. மதிப்பு இருக்கிறது, மாற்ற இடமில்லை.

நம் தம்பதி ஹேஸ்பரோ வீட்டுக்கு வந்து ஒரு குளிர்காலம் போயிற்று. சமையலறைக்கு அனுமதியே வேண்டாம் என்று தெரிந்துகொண்டார்கள், ஆனாலும் கட்டவில்லை. பத்து வருஷமோ இருபது வருஷமோ, அதில் போட்ட பணம் திரும்பாது. பரண் ஜன்னலுக்கு மட்டும் ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார். கொட்டகை மரத்தில்தான். வேலியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வந்தால் உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டக் கூடாது என்று படித்ததால் 2.4இல் நிறுத்திக்கொண்டார்கள். அடியில் சிமென்ட் போடவில்லை. மரக்கட்டைகள் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான்கு பேர் சேர்ந்தால் தூக்கலாம்.